அப்பா பூசிய சொரசொரப்புச் சுவர்: தேய்த்து எடுக்கலாமா?

பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு ஒரு வாசகி நீளமாக எழுதியிருக்கிறார். அவர் குடியிருப்பது அப்பா கட்டிய வீடு. வீட்டுக்கு வயது 45 ஆகிறது. கூடத்திலும் இரண்டு படுக்கை அறைகளிலும் சுவர் முழுக்கச் சீப்பால் இழுத்தது போன்ற வரிவரியான பூச்சு. கூடத்தின் உள்கூரையில் சின்னச் சின்ன மொட்டுகள். தூசி வரிகளுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது, துடைத்தால் துணிதான் கிழிகிறது. மூன்று வயது மகனுக்கு அடிக்கடி இளைப்பு வருகிறது. அதனால் சுவர்களை வழவழப்பாக்கிவிட நினைக்கிறார்.

ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். தேய்க்கும் மெஷினை வாடகைக்கு எடுத்து இரண்டு வார இறுதிகளில் முடித்துவிடலாம், தண்ணீர் தெளித்துக்கொண்டால் தூசி வராது என்கிறார் கணவர். கெட்டியான பெயிண்ட் மூன்று கை அடித்தால் வரி மறைந்துவிடும் என்கிறார் பெயிண்டர். பட்டி (சுவரைச் சமமாக்கப் பூசும் பசை) போட்டு மூடிவிடு என்கிறார் ஓர் உறவினர். வீடு அக்கா தம்பி இருவருக்கும் பொது. தம்பியோ, அந்தச் சுவரை அப்பா தன் கையால் பூசினார், தொடவே கூடாது என்கிறார். கூடத்தின் வடக்குச் சுவரில் தரையிலிருந்து ஓரடி உயரம்வரை பெயிண்ட் உரிந்து வெள்ளையாகப் பூத்திருக்கிறது. "அதையும் பட்டியிலேயே மூடிவிடலாம்தானே? இவர்களில் யார் சொல்வது சரி? எங்கிருந்து தொடங்குவது?" என்பது அவருடைய கேள்வி. ஒரு கட்டடப் பொறியாளராக நான் சொல்லக்கூடியதை எழுதுகிறேன்.

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தில் நான் முதலில் தேடியது வீட்டின் வயதைத்தான். கணவர் இன்னும் மெஷினை எடுத்து வரவில்லை என்றால், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். எடுத்து வந்துவிட்டார் என்றால் திருப்பிக் கொடுத்துவிடட்டும். அந்தப் பூச்சுக்குள் என்ன இருக்கிறது என்று தெரியும்வரை யாரும் அதைத் தேய்க்கவோ சுரண்டவோ துளை போடவோ கூடாது. அவர் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். செலவு குறையும், ஆள் தேட வேண்டாம், வேலை நம் கையில் இருக்கும். ஆனால் இந்த நான்கு யோசனைகளில் உங்கள் மகனுக்கு உண்மையாகவே ஆபத்தானது இது ஒன்றுதான்.

அந்தத் தூசியில் என்ன இருக்கலாம்

1970-களிலும் 80-களிலும் பல நாடுகளில் விற்ற இவ்வகைப் பூச்சுகளில், விரிசல் விடாமல் பிடித்து நிற்பதற்காகக் கல்நார் இழை கலந்திருந்தது. கூரைத் தகட்டை வைத்து நாம் ஆஸ்பெஸ்டாஸ் என்று சொல்லிப் பழகிய அதே பொருள்தான். சுவர்ப் பூச்சில் அதன் பங்கு சில விழுக்காடு மட்டுமே. பெயிண்ட்டுக்கு அடியில் சுவரோடு ஒட்டிக் கிடக்கும்வரை அதனால் பெரிய தொந்தரவு இல்லை. தேய்க்கும்போதுதான் கண்ணுக்குத் தெரியாத இழைகளாகப் பிரிந்து காற்றில் ஏறுகிறது. மூச்சோடு உள்ளே போகும் இழைகளில் ஒரு பகுதி நுரையீரலிலேயே தங்கிவிடும். நுரையீரல் புற்றுநோய், நுரையீரல் உறையில் வரும் மீசோதீலியோமா என்ற புற்றுநோய் போன்றவை அதனால் வரக்கூடியவை. பெரும்பாலும் 20, 30 ஆண்டுகள் கழித்தே தெரியவரும். பிரிட்டன் வெள்ளைக் கல்நாரை 1999-ல்தான் தடை செய்தது. இன்னும் தடை செய்யாத நாடுகளும் உண்டு.

உங்கள் சுவரில் அது கட்டாயம் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. வெறும் ஜிப்சமாகவோ, சிமெண்ட்டும் மணலும் கலந்த பூச்சாகவோ இருக்கலாம். பார்த்தோ தொட்டோ வித்தியாசம் சொல்ல முடியாது என்பதுதான் சிக்கல். எத்தனை வருட அனுபவம் உள்ள கொத்தனாராக இருந்தாலும் முடியாது. ஆய்வகத்தில் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

இரண்டாவது, ஈயம். பழைய பெயிண்ட்டுகளில், குறிப்பாகப் பளபளக்கும் எண்ணெய்ப் பெயிண்ட்டுகளில், ஈயம் கலப்பது வழக்கமாக இருந்தது. அமெரிக்காவில் வீட்டுப் பெயிண்ட்டுக்கு அந்தத் தடை 1978-ல் வந்தது. வேறு பல நாடுகளில் அதற்கு வெகு காலம் கழித்துத்தான் வந்தது. குழந்தைகளுக்கு இவ்வளவு ஈயம் பரவாயில்லை என்று சொல்லக்கூடிய அளவு எதுவும் அறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். மூன்று வயதுக் குழந்தை தரையில் தவழ்ந்து விளையாடி அதே கையை வாயில் வைக்கும். தேய்த்த தூசி நீங்கள் கூட்டிப் பெருக்கிய பிறகும் தரை இடுக்கிலும் மெத்தையிலும் இருக்கும்.

இந்த இரண்டும் இல்லை என்று வந்தாலும், சிமெண்ட் பூச்சை மெஷினில் தேய்த்தால் மணலின் நுண்தூளான சிலிக்கா கிளம்பும். அதுவும் நுரையீரலுக்கு ஆகாது. துணி மாஸ்க் இதில் எதையும் தடுக்காது.

தண்ணீர் தெளித்தால் தூசி குறையும் என்பது உண்மை. ஆனால் வேகமாகச் சுற்றும் மெஷின் அந்த ஈரத்தையும் சேர்த்துத் தூவும். கீழே விழுந்த சேறு காய்ந்ததும் மறுபடி தூசிதான். மெஷினில் மின்சாரமும் இருக்கிறது, அதையும் மறக்கக் கூடாது.

ஆகவே முதல் வேலை பரிசோதனை. மாதிரி எடுப்பதற்குப் பயிற்சி பெற்றவர்களை அழைப்பதே நல்லது. கூடத்துச் சுவர், உள்கூரை, படுக்கை அறைகள் எல்லாவற்றுக்கும் தனித்தனி மாதிரி வேண்டும். ஒரே வீட்டில் ஓர் அறைக்கு ஒரு பொருள், அடுத்த அறைக்கு வேறு பொருள் என்று பூசியிருப்பது சாதாரணம். பெயிண்ட்டின் அடி அடுக்குகளில் ஈயம் இருக்கிறதா என்பதையும் சேர்த்தே பார்க்கச் சொல்லுங்கள். மாதிரி எடுக்கும்போது மின்விசிறி ஓடக் கூடாது, எடுக்கும் இடம் நனைந்திருக்க வேண்டும், மகன் அந்த அறையில் இருக்கக் கூடாது.

கல்நார் இருப்பதாக முடிவு வந்தாலும் பயந்து வீட்டை விட்டு ஓட வேண்டியதில்லை. இத்தனை ஆண்டுகளாக நீங்கள் அதனோடுதான் வாழ்ந்திருக்கிறீர்கள். பூச்சு உடையாமல் பெயிண்ட்டோடு இருக்கும்வரை மூடிவிடுவதே பெரும்பாலும் பாதுகாப்பான வழி. எங்கெங்கே இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி, வீட்டுப் பத்திரங்களோடு வைத்துவிடுங்கள். பிறகு வரும் எலக்ட்ரீஷியன், பிளம்பர் எல்லோரிடமும் துளை போடும் முன் அதைச் சொல்ல வேண்டும். எடுத்தே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், அதற்கென அனுமதி பெற்றவர்கள்தான் எடுக்க வேண்டும்.

பெயிண்ட் மூன்று கை அடித்தால்?

மறையாது. ஒரு கை எமல்ஷன் காய்ந்த பிறகு சுவரில் நிற்கும் கனம் சுமார் 0.04 மில்லிமீட்டர். உங்கள் வரிகளின் ஆழம் 2 மில்லிமீட்டர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதை நிரப்ப 50 கை ஆகும். அது மட்டுமா? பெயிண்ட் பள்ளத்தை மட்டும் தேடிப்போய் நிரப்பாது, மேட்டிலும் அதே அளவு ஏறும். அந்தப் பெயிண்டர் கெட்ட மனிதர் என்று நினைக்க வேண்டாம், புது நிறத்தில் பார்க்க வரி கொஞ்சம் மங்கலாகத் தெரியலாம். ஆனால் நீங்கள் கேட்டது துடைக்கத் தோதான சுவர். அது இதில் கிடைக்காது.

வடக்குச் சுவரைப் பட்டியில் மூடாதீர்கள்

உங்கள் உறவினர் சொன்ன வழிதான் ஏறக்குறைய சரியான வழி. ஆனால் வடக்குச் சுவரையும் அப்படியே மூடிவிடலாம் என்று நீங்கள் நினைப்பது தவறு. வெள்ளையாகப் பூத்திருப்பது உப்பு. சுவருக்குள் இருக்கும் ஈரம் உப்பைக் கரைத்துக்கொண்டு வெளியே வருகிறது. ஈரம் ஆவியானதும் உப்பு மட்டும் தங்கி, படிகமாக வளர்ந்து பெயிண்ட்டை உள்ளிருந்து தள்ளுகிறது. பட்டி போட்டால் பட்டியையும் தள்ளும். ஒரு மழைக்காலம் தாங்குவது கூடக் கஷ்டம்.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். தரைமட்டத்திலிருந்து ஓரடி வரை மட்டும் என்பதால் அடித்தளத்திலிருந்து ஏறும் ஓதமாக இருக்கலாம். வெளியே சுவரை ஒட்டி மண் உயர்ந்திருக்கிறதா, மழைநீர் அங்கே தேங்குகிறதா, சுவருக்குள் தண்ணீர்க் குழாய் போகிறதா? வெளிப்புற மண் உள்தரையை விட உயரமாக இருந்தால், அதை வெட்டி இறக்கினாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். சந்தேகமாக இருக்கும் மற்ற இடங்களில் அரை மீட்டர் அகலமுள்ள பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப்பால் இறுக்கி ஒட்டி, இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். தாளின் உட்புறம் வியர்த்திருந்தால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது. வெளிப்புறம் வியர்த்திருந்தால் அது அறைக்காற்றின் ஈரம். அதற்கு ஜன்னலைத் திறந்து காற்று போக வழி செய்தால் போதும்.

காரணத்தைச் சரிசெய்து, கெட்ட பூச்சை எடுத்து (பரிசோதனை முடிவு வந்த பிறகு), சுவர் நன்றாகக் காய்ந்த பின்தான் அந்தப் பகுதியில் வேலை. அதற்குச் சில மாதங்கள் ஆகலாம். மற்ற அறைகளை அதற்குள் முடித்துவிடலாம், எல்லாவற்றையும் நிறுத்திவைக்க வேண்டாம்.

மூடி மெழுகும் முறை

பழைய பூச்சு உறுதியாக இருக்கிறதா என்பதுதான் இதில் முக்கியம். புதிய பட்டி எவ்வளவு உயர்ந்த ரகமாக இருந்தாலும், அது பிடித்துக்கொண்டிருப்பது பழைய பெயிண்ட்டை. பழைய பெயிண்ட் பிடித்துக்கொண்டிருப்பது பழைய பூச்சை. அடியில் எது விட்டாலும் மேலே உள்ள எல்லாம் சேர்ந்து பாளம் பாளமாக வரும். பரிசோதனை முடிவு வந்த பிறகு, விரல் முட்டியால் சுவரெங்கும் மெதுவாகத் தட்டிப் பாருங்கள். கணீரென்று இல்லாமல் பொள்ளென்று ஒலித்தால் அந்த இடத்தில் பூச்சு சுவரைவிட்டுப் பிரிந்திருக்கிறது, அதை மூடக் கூடாது. நல்ல பசையுள்ள டேப்பை அழுத்தி ஒட்டி, சட்டென்று இழுங்கள். பெயிண்ட் கூடவே வந்தால் அதன் மேல் எதையும் போட முடியாது. ஈரத் துணியால் தேய்த்தால் கையில் மாவு போல ஒட்டுகிறதா? அது டிஸ்டெம்பர் அல்லது சுண்ணாம்பு; கழுவி எடுத்தாக வேண்டும். பளபளக்கும் எண்ணெய்ப் பெயிண்ட் என்றால் அதற்கென்று உள்ள பிடிப்பு பிரைமர் இல்லாமல் பட்டி நிற்காது.

அடுத்தது ஆழம். 2 மீட்டர் நீளமுள்ள நேரான மட்டக்கோலைச் சுவரில் வைத்து, இடைவெளியை அளந்து பாருங்கள். 2 மில்லிமீட்டர் வரை என்றால் பட்டி போதும். அதற்கு மேல் 8, 10 மில்லிமீட்டர் வரை போனால் பட்டியாலேயே நிரப்ப முயல வேண்டாம், வெடிக்கும். முதலில் ஜிப்சம் பூச்சு, அதன் மேல் பட்டி. சுவரே கோணலாக இருந்தாலோ, கல்நார் உள்ள சுவரைக் கையே வைக்காமல் மறைக்க வேண்டும் என்றாலோ, தனிச் சட்டம் நிறுத்தி 12.5 மில்லிமீட்டர் ஜிப்சம் பலகை அடிக்கலாம். ஆனால் அந்தச் சட்டத்தைச் சுவரில் துளையிட்டுப் பிடிக்கக் கூடாது; தரைக்கும் கூரைக்கும் இடையில் நிற்க வேண்டும். உங்கள் உள்கூரையிலும் அந்த மொட்டுகள் இருப்பதால், அதன் சோதனை முடிவு தெரியாமல் இந்த வழியை எடுக்க வேண்டாம். அறையும் எல்லாப் பக்கமும் கொஞ்சம் சிறுக்கும்.

பொருள் கணக்கு சுலபம். 1 சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் கனம் என்றால் 1 லிட்டர். 4 மீட்டருக்கு 3 மீட்டர் சுவரில் சராசரியாக 2 மில்லிமீட்டர் நிரப்ப 24 லிட்டர் குழைத்த பட்டி. இதை நீங்களே போட்டுப் பார்த்துவிட்டு மதிப்பீடு கேட்டால் யாரும் கூட்டிச் சொல்ல முடியாது.

சோதனையில் எதுவும் இல்லை என்று வந்திருந்தால், துருத்தி நிற்கும் முனைகளை அகலமான தகட்டால் கையாலேயே தட்டிவிடலாம், மெஷின் தேவையில்லை. சுவரைக் கழுவிக் காயவிட்டு பிரைமர் அடித்த பின் முதல் கை பட்டி. இது பள்ளத்தை நிரப்ப மட்டும்தான், அழகு பார்க்கக் கூடாது. இரண்டாம் கையை முதல் கைக்குக் குறுக்காக இழுக்க வேண்டும்: முதலில் மேலிருந்து கீழ் என்றால் இப்போது இடமிருந்து வலம். மூன்றாம் கை மிக மெல்லியது. ஒரு கைக்கு ஒரு மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றும் முழுதாகக் காய வேண்டும், குறைந்தது ஒரு நாள். ஒரே தடியாக அப்பினால் நேரம் மிச்சம் என்று தோன்றும். மேல்பக்கம் காய்ந்து உள்ளே ஈரம் நின்று, சுருங்கும்போது சிலந்தி வலை போல வெடிப்பு விடும். நான் போய்ப் பார்த்த கெட்டுப்போன சுவர்களில் திரும்பத் திரும்பக் கண்டது இந்த அவசரத்தைத்தான்.

ஒரு எச்சரிக்கை: ஜிப்சம் பூச்சின் மேல் சிமெண்ட் கலந்த பட்டியை நேரடியாகப் போட வேண்டாம். ஈரம் பட்டால் இரண்டும் வினைபுரிந்து, உப்பி, பிடிப்பு விட்டுவிடும். குளியலறையை ஒட்டிய சுவரின் ஈரமான பக்கத்தில் ஜிப்சமே வேண்டாம்.

கடைசியில் கொஞ்சம் தேய்க்கத்தான் வேண்டும். அது புதுப் பட்டியை மட்டும், 180 அல்லது 220 எண் உப்புத்தாளால், கையால், மெல்ல. பழைய பூச்சுவரை இறங்கிவிடக் கூடாது. அறையின் கதவிடுக்கைப் பிளாஸ்டிக்கால் அடைத்து, வேலை செய்பவர் பி-2 அல்லது என்-95 தர மாஸ்க் போட்டுக்கொள்ள வேண்டும். உலர்ந்த துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும். மகனை அந்த நாட்களில் வேறு வீட்டில் விட முடிந்தால் விட்டுவிடுங்கள். வெளியாட்கள் வந்தால் மாஸ்க் அவர்களுக்கும் சேர்த்து வாங்கி வையுங்கள். நமக்கு இது ஒரு வாரத் தூசி, அவர்களுக்கு ஆயுள் முழுக்க. பழகிவிட்டது என்று மறுப்பார்கள். வற்புறுத்திக் கொடுங்கள்.

வழவழப்பு காட்டிக்கொடுக்கும்

சொரசொரப்புப் பூச்சு பல வீடுகளில் அழகுக்காக மட்டும் போடப்படவில்லை. கோணலையும் கீறலையும் மறைக்கும் நல்ல வழி அது. நீங்கள் சமமாக்கியதும் அவை வெளியே வரும். ஜன்னலை ஒட்டிய சுவரில் வெயில் சாய்வாக விழும்போது அரை மில்லிமீட்டர் மேடு கூட நிழல் விடும். அதனால் ஒவ்வொரு கைக்குப் பிறகும் இரவில் ஒரு விளக்கைச் சுவரை ஒட்டிப் பிடித்துப் பாருங்கள், குறை அப்போதே தெரிந்துவிடும். பெயிண்ட்டும் மங்கல் ரகமாக, அதே சமயம் கழுவக்கூடியதாக இருக்கட்டும். பளபளப்பு ரகம் எல்லாக் குறையையும் ஊருக்குச் சொல்லும். புதுப் பட்டி மேல் முதல் கை பெயிண்ட்டைத் தண்ணீர் கலந்து நீர்க்க அடிக்க வேண்டும், இல்லையென்றால் உரியும்.

வேலையை ஒப்படைக்கும் முன் கண்ணுக்கு எளிதில் படாத மூலையில் 1 சதுர மீட்டர் மாதிரி செய்து காட்டச் சொல்லுங்கள். இரண்டு வாரம் அதை விட்டுப் பார்த்துவிட்டு மீதிக்குச் சம்மதியுங்கள். எத்தனை கை, என்ன பொருள், எந்த வெளிச்சத்தில் பார்த்துத் திருப்தி ஆனால் கடைசித் தவணை என்பதை எழுதி இருவரும் கையெழுத்திட்டால் பின்னால் வாக்குவாதம் இருக்காது. நாலு இடத்தில் கேட்டுக் குறைந்த விலைக்குக் கொடுப்பதை விட இது முக்கியம் என்பேன்.

தம்பியை விட்டுவிட்டுச் செய்யாதீர்கள்

வீடு இருவருக்கும் பொது என்றால், குடியிருப்பது நீங்கள் மட்டும் என்பதால் முடிவும் உங்களுடையது ஆகிவிடாது. அவருடைய சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். செலவு யாருடையது, நாளை வீட்டைப் பிரித்தாலோ விற்றாலோ அது எப்படிக் கணக்கில் வரும் என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள். இதில் இழுபறி வந்தால் உங்கள் ஊர்ச் சட்டம் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரைப் பாருங்கள், இதற்கு மேல் நான் சொல்வது சரியாக இருக்காது.

சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். "அப்பா தன் கையால் பூசியது" என்பதை ஒரு முட்டுக்கட்டையாக மட்டும் நீங்கள் பார்க்கிறீர்களோ என்று தோன்றியது. சீப்பு இழுத்த வரியில் ஒரு மனிதரின் கை அசைவு அப்படியே நிற்கிறது. அவர் எந்த இடத்தில் நிறுத்தினார், எங்கே மறுபடி தொடங்கினார் என்று கூடப் பார்க்க முடியும். மகனின் கைக்கு எட்டாத உயரத்தில், கூடத்துச் சுவரில் ஒரு மீட்டர் சதுரத்தை மட்டும் விட்டுவைத்து, சுற்றிலும் சட்டம் அடிக்காமல் பட்டியாலேயே ஒரு விளிம்பு கட்டிவிடலாம். பழைய பெயிண்ட் மேல் தெளிவான சீலர் ஒரு கை அடித்தால் உரியாமல் நிற்கும். கல்நார் இருக்கிறது என்று வந்தால் கூட, தொடாமல் மூடிவைத்த பகுதியாக அதை வைத்துக்கொள்ள முடியும். எந்த இடத்தை விடுவது என்பதைத் தம்பியையே காட்டச் சொல்லுங்கள். அவர் மறுப்பது சுவருக்காக இல்லாமல் இருக்கலாம்.

பரிசோதனை முடிவு வந்ததும் இரண்டு வரி எழுதிப் போடுங்கள். உள்கூரையின் மொட்டுகளைப் பற்றி இங்கே அதிகம் சொல்லவில்லை, அந்த முடிவைப் பார்க்காமல் சொல்லவும் கூடாது. அதுவரை கூடத்தில் பந்து விளையாடுவதை மட்டும் நிறுத்திவையுங்கள்.